33 கே.வி. கேபிளுக்குள் ஒரு குமிழ்: பி.டி. மாடலை நாமே கட்டுவது எப்படி

கேபிளின் எக்ஸ்.எல்.பி.இ. இன்சுலேஷனை (குறுக்கிணைத்த பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்) ஒரு மி.மீ. தடிமனில் வட்டமாகச் சீவி, 130 டிகிரி சூட்டில் இருக்கும் சிலிகான் எண்ணெயில் போட்டால், பால் வெள்ளை மெல்ல மறைந்து கண்ணாடி போல ஆகிவிடும். உள்ளே இருக்கும் படிகங்கள் உருகிவிடுவதுதான் காரணம். அப்போது லென்ஸ் வைத்துப் பார்த்தால் தூசி, குமிழ், மரக்கிளை போலப் பரவிய கருப்புக் கோடு எல்லாம் தெரியும். ஆறினால் மறுபடி வெள்ளை.

ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் போகும் 33 கே.வி. கேபிள், போட்டுப் பதினோரு மாதத்தில் வெடித்தது. வெடித்த இடத்தில் வெறும் கரிதான், அதில் பார்க்க ஒன்றுமில்லை. இரண்டு மீட்டர் தள்ளி வெட்டி எடுத்த துண்டைச் சீவினோம். ஏழாவது சீவலில், கண்டக்டர் ஸ்கிரீனுக்கு (உலோகக் கம்பியை மூடிய அரைக்கடத்தி உறை) பக்கத்தில், அரை மி.மீ. விட்டத்தில் ஒரு குமிழ். அதன் சுவர் டீக்கறை போலப் பழுப்பேறியிருந்தது. நல்ல ஆலையில் இவ்வளவு பெரிய குமிழ் வரவே கூடாது. ஆனால் கேபிளின் டெஸ்ட் சர்டிஃபிகேட்டில் பி.டி., அதாவது இன்சுலேஷனுக்குள் தட்டும் பொறியின் மின்னூட்டம், 10 பிக்கோகூலத்துக்குக் கீழே என்று தெளிவாக எழுதியிருந்தது.

காவேரிப்பட்டணத்துக்காரனான எனக்கு இது ஒன்றும் புதிதல்ல. தோலில் ஒரு புள்ளிகூட இல்லாத பெங்களூரா மாம்பழத்தை அறுத்தால் கொட்டைக்குள் வண்டு உட்கார்ந்திருக்கும். பழத்தைப் பார்த்து வாங்கியவனும் பொய் சொல்லவில்லை, விற்றவனும் பொய் சொல்லவில்லை. சர்டிஃபிகேட்டும் அப்படித்தானா என்று அன்று இரவு வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே படிப்படியாகத் தருகிறேன். பத்தாம் வகுப்பு நோட்டு ஒன்று, கால்குலேட்டர் ஒன்று, பைத்தான் ஓடும் ஒரு பழைய லேப்டாப். இவ்வளவு போதும். பெரிய சாஃப்ட்வேர் கையில் இருந்தாலும் முதலில் அதைத் திறக்காதீர்கள். கையால் ஒரு முறை போட்டுப் பார்க்காதவருக்கு, அது வண்ண வண்ணமாகப் படம் வரைந்து காட்டும்போது எந்த நிறம் பொய் என்று தெரியாது.

பி.டி. என்பது பார்ஷியல் டிஸ்சார்ஜ், பகுதி மின்னிறக்கம். இன்சுலேஷன் முழுக்க உடையாமல், உள்ளே இருக்கும் காற்றுக் குமிழில் மட்டும் பொறி தட்டுவது. பிளாஸ்டிக்கைவிடக் காற்றுக்குத் தாங்கும் சக்தி குறைவு. போதாக்குறைக்கு, குமிழுக்குள் மின்புலம் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கைவிட அதிகமாகவும் இருக்கும். மெலிந்தவன் தலையில்தான் கூடுதல் சுமை.

புத்தகங்களில் முதலில் வருவது மூன்று கெப்பாசிட்டர் மாடல். 1932-ல் ஜெமான்ட், பிலிப்போஃப் இருவரும் தந்தது. குமிழ் ஒரு கெப்பாசிட்டர், அதோடு தொடராக இருக்கும் பிளாஸ்டிக் இன்னொன்று, மிச்ச கேபிள் மூன்றாவது. விஷயம் புரிவதற்கு நல்லது, தேர்வுக்கும் நல்லது. ஆனால் குமிழின் சுவர் உலோகத் தகடு அல்ல. பொறி தட்டினால் சுவரில் மின்னூட்டம் ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். இந்தக் குறையை டென்மார்க்கின் பெடர்சன் அழுத்திச் சொன்னார். ஒட்டிய மின்னூட்டத்தை ஒரு இருமுனையாக (ஒரு பக்கம் பிளஸ், எதிர்ப் பக்கம் மைனஸ்) வைத்துக் கணக்கிடும் அவர் வழியில்தான் நான் போகிறேன். பொறி எப்போது பற்றும் என்பதற்கு 1995-ல் நீமேயர் தந்த சூத்திரம்.

சரி, நோட்டைத் திறங்கள். முதலில் கேபிள். 240 சதுர மி.மீ. அலுமினியம், ஒற்றைக் கோர். ஸ்கிரீனோடு சேர்த்து உள் ஆரம் 10 மி.மீ. இன்சுலேஷன் 8.8 மி.மீ., ஆக வெளி ஆரம் 18.8. ஃபேஸுக்கும் பூமிக்கும் நடுவே 19 கே.வி., அதன் உச்சம் 26.87. 18.8-ஐ 10-ஆல் வகுத்து இயல் மடக்கை எடுத்தால் 0.631. எந்த ஆரத்திலும் புலம் என்பது உச்ச வோல்டேஜை அந்த ஆரத்தாலும் இந்த 0.631-ஆலும் வகுத்தால் வருவது. 11 மி.மீ. ஆரத்தில், அதாவது நம் குமிழ் இருந்த இடத்தில், மி.மீட்டருக்கு 3.87 கே.வி. வெளி ஓரம் பக்கமாக 18 மி.மீ. ஆரத்தில் 2.36. ஒரே கேபிளுக்குள் இடம் மாறினால் இவ்வளவு வித்தியாசம். குமிழ் எங்கே இருக்கிறது என்பது அது எவ்வளவு பெரியது என்பதற்குச் சமமான கேள்வி. இதை மனதில் வையுங்கள்.

அடுத்து குமிழுக்குள் புலம். உருண்டைக் குமிழ் என்றால், பிளாஸ்டிக்கின் பெர்மிட்டிவிட்டி எண்ணை (தமிழில் விடுதிறன், எக்ஸ்.எல்.பி.இ.-க்கு 2.3) மூன்றால் பெருக்கி, அதையே இரண்டால் பெருக்கி ஒன்று கூட்டியதால் வகுக்க வேண்டும். 6.9 ÷ 5.6, அதாவது 1.23 மடங்கு. தட்டையாக அப்பளம் போலக் கிடக்கும் குமிழில் இது 2.3 மடங்கு வரை போகும். நம்முடையது உருண்டை. ஆக உள்ளே 3.87 × 1.23, சுமார் 4.77.

இது பொறி தட்டப் போதுமா? காற்றுக்கு நீமேயரின் கணக்கு இப்படி:

பற்றும் புலம் = 24.2 × அழுத்தம் × (1 + 8.6 ÷ √(விட்டம் × அழுத்தம்))

அழுத்தம் பாஸ்கலில், விட்டம் மீட்டரில், விடை மீட்டருக்கு இத்தனை வோல்ட். அழுத்தம் ஒரு லட்சம் பாஸ்கல் என்று வைத்துக்கொண்டால், 1 மி.மீ. குமிழுக்கு மி.மீட்டருக்கு 4.50 கே.வி., அரை மி.மீ. குமிழுக்கு 5.36. சின்னக் குமிழ் அதிகம் தாங்கும், ஏனென்றால் எலக்ட்ரான் ஓடிப் பெருகுவதற்கு உள்ளே இடம் இல்லை.

அரை மி.மீ. குமிழில் இருப்பது 4.77, பற்றுவதற்கு வேண்டியது 5.36. ஆக 19 கே.வி.-யில் அது பற்றக் கூடாது. 21.4 கே.வி. வேண்டும். இந்த இடத்தில் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பற்றவே கூடாத குமிழ் எப்படிப் பழுப்பேறியது?

பொறி தட்டியபின் புலம் பூஜ்யத்துக்கு விழுவதில்லை. ஒரு மிச்சப் புலம் நிற்கும். அதை 0.85 என்று எடுத்துக்கொள்கிறேன். விழுந்த மிச்சம் எல்லாம் சுவரில் மின்னூட்டமாக ஒட்டி, எதிர்ப் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கும். அடுத்த அரைச் சுற்றில் வோல்டேஜ் திசை மாறும்போது, அந்த ஒட்டிய மின்னூட்டம் அதற்குத் துணைக்கு வந்துவிடும். எனவே ஒரு முறை பற்றிய குமிழ் தொடர்ந்து எரிய முழுப் பற்றும் புலம் தேவையில்லை. பற்றும் புலத்தையும் மிச்சப் புலத்தையும் கூட்டிப் பாதி இருந்தால் போதும். 5.36-ம் 0.85-ம் சேர்ந்து பாதி, 3.1. வோல்டேஜில் சொன்னால் சுமார் 12.4 கே.வி. சுவர் மின்னூட்டம் கசியாமல் இருக்கும்வரை, 21.4-ல் பற்றியது 12.4 வரை அணையாது. கேபிள் ஓடுவதோ 19-ல்.

பற்ற வைக்க 12 சதவீதம் கூடுதல் போதும். எங்கோ ஒரு ஃபேஸ் பூமியைத் தொட்டால் மற்ற இரண்டும் ஏறும், இரவில் லோடு குறைந்தாலும் கொஞ்சம் ஏறும். பதினோரு மாதத்தில் ஒரு நாள் போதாதா?

இப்போது சர்டிஃபிகேட். ஆலையில் வழக்கமான சோதனையில் 2 மடங்கு வோல்டேஜுக்கு, அதாவது 38 கே.வி.-க்கு ஏற்றி 10 நொடி வைத்து, மெல்ல 1.73 மடங்குக்கு இறக்கிப் பார்ப்பார்கள். ஏற்றி இறக்குவது எதற்கு என்று பல பேருக்குத் தெரியாது. இப்போதுதான் நாம் பார்த்தோம்: மேலே பற்றவைத்து, கீழே அணையாமல் இருக்கிறதா என்று பார்க்கும் தந்திரம். அருமையான யோசனை. ஆனால் நம் குமிழ் இரண்டு வழியில் தப்பிக்கும்.

ஒன்று, பொறிக்கு முதல் எலக்ட்ரான் ஒன்று வேண்டும். புதுக் குமிழில் அதைத் தருவது இயற்கையான கதிர்வீச்சு மட்டும்தான். மாடலில் இதற்கு ஒரு கன சென்டிமீட்டருக்கு நொடிக்கு 2 எலக்ட்ரான் என்று வைப்பது வழக்கம். அரை மி.மீ. குமிழின் கன அளவை வைத்துப் பெருக்கினால் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு எலக்ட்ரான். அதுவும் தப்பான இடத்தில், தப்பான நேரத்தில் பிறந்தால் வீண். 10 நொடியில் வருமா? லாட்டரி.

இரண்டாவது, பற்றினாலும் மீட்டரில் என்ன தெரியும்? கேபிளின் இரு முனையில் தெரியும் மின்னூட்டம் இப்படி வரும்: மூன்று × குமிழின் கன அளவு × இன்சுலேஷனின் பெர்மிட்டிவிட்டி × புலத்தில் விழுந்த வித்தியாசம், இதை ஆரத்தாலும் அந்த 0.631-ஆலும் வகுக்க வேண்டும். எல்லாம் மீட்டர், வோல்ட் அலகில். பெர்மிட்டிவிட்டி 2.3 × 8.854 × 10⁻¹². போட்டுப் பாருங்கள்: 11 மி.மீ. ஆரத்தில் 1 மி.மீ. குமிழுக்கு 17 பிக்கோகூலம். அரை மி.மீ. குமிழுக்கு வெறும் 2.6. விட்டம் பாதியானால் கன அளவு எட்டில் ஒன்று, அதனால்தான் இந்தச் சரிவு. 10 பிக்கோகூலத்துக்குக் கீழே பார்க்க முடியாத கருவிக்கு 2.6 என்பது இருட்டில் கருப்புப் பூனை. சர்டிஃபிகேட் பொய் சொல்லவில்லை. (1 மி.மீ. குமிழுக்குள் உண்மையில் நகரும் மின்னூட்டம் 140 பிக்கோகூலத்துக்கு மேல். வெளியே நமக்குத் தெரிவது அதில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை.)

கையால் இவ்வளவு ஆயிற்று என்றால், பைத்தான் வேலை எளிது. ஒரு சுற்று 20 மில்லிநொடி. அதை 1000 துண்டாக வெட்டுங்கள், ஒரு துண்டு 20 மைக்ரோநொடி. ஒவ்வொரு துண்டிலும் செய்ய வேண்டியது: வெளியிலிருந்து வரும் புலத்தை, 4.77 × சைன் என்று கணக்கிடு. அதோடு சுவர் மின்னூட்டத்தின் புலத்தைக் கூட்டு. கூட்டியது பற்றும் புலத்தைத் தாண்டினால் பகடை உருட்டு. பகடை சொன்னால் பொறி: மொத்தப் புலத்தை அதே திசையில் 0.85-க்கு இறக்கு, அதற்கு வேண்டிய சுவர்ப் புலத்தைக் குறித்துவை, எந்தக் கோணத்தில் எத்தனை பிக்கோகூலம் என்று ஒரு பட்டியலில் சேர். பொறி இல்லையென்றால் சுவர்ப் புலத்தைத் துளி தேய விட்டு அடுத்த துண்டுக்குப் போ. முழு நிரலும் நூறு வரி தாண்டாது.

பகடை என்றது எலக்ட்ரான் கிடைக்கும் வாய்ப்பை. முதல் பொறி வரை அந்தக் கதிர்வீச்சுக் கணக்கு. முதல் பொறிக்குப் பிறகு சுவரில் ஒட்டியிருக்கும் எலக்ட்ரான்களே திரும்ப வரும், நொடிக்கு ஆயிரம் என்று ஆரம்பியுங்கள். ஒரு துண்டுக்கு வாய்ப்பு சுமார் 2 சதவீதம் ஆகும். சராசரித் தாமதம் 1 மில்லிநொடி, கோணத்தில் 18 டிகிரி.

ஆனால் பகடையை உடனே போடாதீர்கள். முதலில் அதை எடுத்துவிட்டு, தேய்மானத்தையும் நிறுத்திவிட்டு, 1 மி.மீ. குமிழை ஓட்டுங்கள். பொறி சுற்றுக்கு நான்கு முறை வர வேண்டும்: 10, 71, 190, 251 டிகிரி. கையாலும் சரிபார்க்கலாம். முதல் பொறி 71-ல், அது விட்டுப்போகும் சுவர்ப் புலம் 3.65, அதனால் எதிர்ச் சுற்றில் 190-லேயே பற்றிவிடும், பிறகு 251. இந்த நான்கு எண் வராவிட்டால் நிரலில் எங்கோ பிழை, மேலே போகாதீர்கள். என்னிடம் பயிற்சிக்கு வந்த பையன் ஒருவன் சைனுக்கு ரேடியனுக்குப் பதிலாக டிகிரியைக் கொடுத்துவிட்டு, "சார், வித்தியாசமான டிஸ்சார்ஜ் ஒன்று கிடைச்சிருக்கு" என்று திரையைக் காட்டினான். மாரியம்மன் திருவிழா வாணவேடிக்கை போல எல்லாப் பக்கமும் புள்ளி. கட்டுரை எழுதப் போகிறேன் என்றும் சொன்னான், பாவம்.

நான்கு எண்ணும் வந்துவிட்டால் பகடையைப் போட்டு 500 சுற்று ஓட்டுங்கள். கோணத்தைப் படுக்கையிலும் பிக்கோகூலத்தை நிமிர்ந்தும் வைத்துப் புள்ளி வையுங்கள். 0 முதல் 90 வரையிலும், 180 முதல் 270 வரையிலும் புள்ளிகள் கூட்டம் கூட்டமாகத் திரளும், இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே உருவம். குமிழின் கையெழுத்து இதுதான். மீட்டரில் ஒரு பக்கம் மட்டும் உயர்ந்து மறுபக்கம் தாழ்ந்து வந்தால் குமிழ் கண்டக்டரை ஒட்டி ஒரு பக்கம் உலோகமாக இருக்கலாம், அல்லது அது குமிழே இல்லை.

இனி இந்த மாடலை எங்கே நம்பக் கூடாது என்பது. அழுத்தத்தை ஒரு லட்சம் பாஸ்கல் என்று வைத்தோம் அல்லவா, அது வெறும் அனுமானம். பாதியாக்கிப் பாருங்கள், 1 மி.மீ. குமிழின் பற்றும் புலம் 4.50-லிருந்து 2.68-க்கு விழும். எக்ஸ்.எல்.பி.இ. வேகும்போது மீத்தேன் வரும், ஆக உள்ளே இருப்பது காற்றுதானா என்பதும் கேள்வி. பொறி தட்டத் தட்ட உள்ளே இருக்கும் ஆக்சிஜன் சுவரோடு சேர்ந்து தீரும், சுவரில் அமிலப் பிசுபிசுப்பு படியும், சுவர் மின்சாரத்தைக் கடத்த ஆரம்பிக்கும். மாடலில் தேய்மான நேரத்தை மில்லிநொடிக்குக் கீழே கொண்டுவந்து பாருங்கள், நம் அரை மி.மீ. குமிழ் அப்படியே அமைதியாகிவிடும். களத்திலும் அப்படித்தான், பல வாரம் கத்திய பி.டி. திடீரென்று நின்றுவிடும். மேலதிகாரிகள் "சரியாகிவிட்டது" என்று மகிழ்வார்கள். எனக்கு அப்போதுதான் வயிற்றைக் கலக்கும்.

இன்னொன்று, 0.1 ஹெர்ட்ஸ் வி.எல்.எஃப். (மிகக் குறைந்த அதிர்வெண்) கருவி கொண்டு களத்தில் சோதிக்கிறவர்களுக்கு. அதன் அரைச் சுற்று 5 நொடி. சுவர் மின்னூட்டம் ஒரு நொடியில் தேயும் குமிழ் என்றால், அடுத்த பக்கம் வரும்போது துணைக்கு ஒன்றும் மிச்சமிருக்காது. 50 ஹெர்ட்ஸில் அந்தத் துணையால் எரியும் குமிழ் அங்கே வாயைத் திறக்காது. நிரலில் சுற்றின் நேரத்தை மட்டும் மாற்றி ஓட்டினால் இது கண்ணெதிரே தெரியும்.

கடைசியாக, மாடலைத் திருப்பியும் ஓட்டலாம் என்பது. சூளகிரிப் பக்கம் 600 மீட்டர் கேபிள் ஒன்றில் மீட்டர் 200 பிக்கோகூலம் காட்டியது. குமிழ்தான் என்று எல்லோரும் சொன்னார்கள், கேபிள் முழுவதையும் மாற்ற வேண்டும் என்ற பேச்சும் வந்துவிட்டது. 200 பிக்கோகூலம் வர குமிழ் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? கணக்கைப் பின்னோக்கிப் போட்டால் இரண்டரை மி.மீ. விட்டம். 8.8 மி.மீ. இன்சுலேஷனில் இரண்டரை மி.மீ. ஓட்டையோடு ஒரு கேபிள் ஆலையை விட்டு வந்திருக்காது. அப்படியென்றால் கேபிளில் இல்லை, கை பட்ட இடத்தில்தான்.

இடம் கண்டுபிடிப்பது இந்தக் கணக்கு எல்லாவற்றிலும் சுலபமானது. பொறியின் துடிப்பு இரண்டு பக்கமும் ஓடும். நேராக வருவது முதலில், தூர முனையில் மோதித் திரும்புவது பிறகு. அந்த இடைவெளி 4 மைக்ரோநொடி. துடிப்பு ஒரு மைக்ரோநொடியில் 160 மீட்டர் ஓடுகிறது என்று அளந்திருந்தோம். 4 × 160-ல் பாதி 320, தூர முனையிலிருந்து. எங்கள் பக்கமிருந்து 280 மீட்டர்.

அங்கே தோண்டினோம். இரண்டு கேபிள் துண்டை இணைத்த ஜாயின்ட் இருந்தது. மேலுறையை உரித்து, செமிகான் (இன்சுலேஷன் மேல் இருக்கும் கருப்பு அரைக்கடத்தி உறை) வெட்டி முடித்த விளிம்பில் விரல் நகத்தை ஓட்டினேன். வெள்ளை இன்சுலேஷனைச் சுற்றி ஒரு வளையக் கீறல், நகம் சிக்கியது. பக்கத்தில் குனிந்து பார்த்த ஜாயின்டர் அண்ணன் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "பிளேடு கொஞ்சம் இறங்கிருச்சு சார்."